சி டிரைவ் சிவந்த கதை

மூணு நாளா லேப்டாப்பைத் திறந்தாலே சி டிரைவ்ல இடம் தீரப் போகுதுன்னு சிவப்புப் பட்டை. பக்கத்துலயே டி டிரைவ் 400 ஜிபி, கல்யாணம் முடிஞ்ச மண்டபம் மாதிரி காலியா கிடக்கு. தப்பு என்னோடதுதான், எல்லாம் சி-லயே போய்ச் சேருது, வாங்குன நாள்லேருந்து அதை மாத்தலை.

விண்டோஸ் 11-ல செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், அட்வான்ஸ்டு ஸ்டோரேஜ் செட்டிங்ஸ் போனா, புதுசா வர்ற ஆப், டாக்குமெண்ட், பாட்டு, போட்டோ எல்லாம் எங்க சேரணும்னு தனித்தனியா மாத்தலாம். டி-ன்னு மாத்தி அப்ளை குடுத்துட்டு, சிவப்பு போகுதான்னு அரை மணி நேரம் பாத்துட்டே உக்காந்திருந்தேன். எப்படிப் போகும்? இது இனிமே வர்றதுக்கு மட்டும்தான். பழசை நாமதான் தூக்கிட்டுப் போகணும். ஆப்னா மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்லேருந்து இறக்குறது மட்டும். மத்த சாஃப்ட்வேருக்கு இன்ஸ்டால் பண்ணும்போதே இடம் மாத்திக்கணும்.

டவுன்லோட்ஸ் அந்தப் பட்டியல்லயே கிடையாது. ஃபோல்டர் மேல ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ். முன்னாடியே டி-ல தனியா ஒரு ஃபோல்டர் போட்டு அதைக் காட்டுங்க. மொத்த டிரைவையும் காட்டிட்டா பழையபடி திருப்புறது பெரிய தலைவலி.

நகர்த்தும்போதுதான் பாத்தேன், ஒரே ரேஷன் கார்டு பிடிஎஃப் ஒன்பது தடவை இறக்கி வச்சிருக்கேன்.