பவர்லைன் அடாப்டரில் நெட் ஊர்ந்த கதை: இன்வெர்ட்டர், ஃபேஸ், ஒரு சார்ஜர்

மாடி அறையில் பவர்லைன் அடாப்டர் (வீட்டுக் கரண்ட் ஒயரிலேயே நெட்டைக் கடத்தும் ஜோடிக் கருவி) வழியாக இப்போது 74 மெகாபிட் வேகம் வருகிறது. போன மாதம் வரைக்கும் அதே ஜோடி அடாப்டர், அதே வீடு, அதே 100 மெகாபிட் ஃபைபர் இணைப்பு, வந்தது 9. அக்கா வீட்டிலிருந்து வேலை பார்ப்பது அந்த அறையில்தான், வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவர் முகம் அப்படியே நின்றுவிடும். இடையில் என்னென்ன செய்து பார்த்தேன் என்று எழுதி வைக்கிறேன், ஏனென்றால் த்ரீ ஃபேஸ், இன்வெர்ட்டர், ஃபேஸ் சேஞ்சர் எல்லாம் கலந்த நம் ஊர் வீட்டு வயரிங்குக்கு என்று அடாப்டரோடு வரும் தாளில் ஒரு வரி கூட இல்லை.

லேன் கேபிள் இழுக்க முடிந்தால் இதை மேற்கொண்டு படிக்கவே வேண்டாம், கேபிளே இழுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் ரவுட்டர் கீழே ஹாலில் ஒரு மூலை, அறை மேலே எதிர் மூலை, நடுவில் ஆர்சிசி தளம், வைஃபை தட்டுத்தடுமாறித்தான் வரும். வயரிங் பைப்பிலும் இடமில்லை.

முதலில் குறை எந்தப் பகுதியில் என்று பிரித்தேன். லேப்டாப்பை ரவுட்டரில் நேரடியாகச் சொருகினால் 94, ஆக ஃபைபர் சரி. அப்புறம் இரண்டு அடாப்டரையும் ஹாலிலேயே பக்கத்துப் பக்கத்து பிளக் பாயிண்டில் சொருகி ஓட்டினேன், 92. ஆக அடாப்டரும் சரி. பெட்டியில் 600 என்று போட்டிருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அது ஒயரில் இரண்டு திசைக்கும் சேர்த்துச் சொல்லும் ஏட்டளவு வேகம். இந்த வகையில் லேன் போர்ட்டே 100 மெகாபிட்தான், அதனால் 95-ஐத் தாண்ட வழியில்லை. அதோடு ஒயர் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பேசும், அனுப்புவதும் வாங்குவதும் முறை வைத்துத்தான். மீதி இருப்பது வீட்டு வயரிங் ஒன்றுதான்.

இதற்குப் பிறகு நெட் ஸ்பீட் டெஸ்ட் பார்ப்பதை விட்டுவிட்டேன், வெளியில் நெரிசல் இருந்தால் அதுவும் கணக்கில் கலந்துவிடும். கீழே பழைய லேப்டாப், மேலே என் லேப்டாப், நடுவில் இரண்டுக்கும் இடையே வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 என்ற இலவசக் கருவி. வினாடிக்கு ஒரு வரி எண் வந்துகொண்டே இருக்கும். இதை நீளமாக ஓடவிட்டு வீட்டில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை.

ஹாலில் ரவுட்டர் இருந்த பாயிண்ட் இன்வெர்ட்டர் லைன். கரண்ட் போனாலும் நெட் வேண்டும் என்று அப்படி வைத்தது. கரண்ட் இருக்கும்போது இன்வெர்ட்டர் மெயின்ஸை அப்படியே கடத்தினாலும், சிக்னல் அதற்குள் இருக்கும் ரிலே, ஃபில்டர் எல்லாவற்றையும் தாண்டித்தான் டிபி பாக்ஸுக்கே (வீட்டு லைன்கள் எல்லாம் பிரியும் பெட்டி) போக வேண்டும். இந்த அடாப்டர்கள் 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வெண்ணில் வேலை செய்கின்றன, 50 ஹெர்ட்ஸ் கரண்ட் தடையில்லாமல் போகும் இடத்தில் இது பாதி செத்துவிடும். எந்தப் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைன் என்று கண்டுபிடிப்பது எளிது, மெயினை அணைத்துவிட்டு எதில் உயிர் இருக்கிறது என்று பாருங்கள். டிவிக்குப் பின்னால் நேரடி ஈபி பாயிண்ட் ஒன்று இருந்தது, அடாப்டரை மட்டும் அதற்கு மாற்றி, ரவுட்டர் வரை ஒரு லேன் கேபிள் விட்டேன். 9 என்பது 23 ஆனது. மேலே ஸ்பைக் பஸ்டரில் சொருகியிருந்ததையும் எடுத்துச் சுவரில் நேரடியாகப் போட்டேன், 29. ஸ்பைக் பஸ்டருக்குள் இருக்கும் கெபாசிட்டர் உயர் அதிர்வெண்ணைக் கரைத்துவிடும், அதன் வேலையே அதுதான்.

அடுத்தது ஃபேஸ். இங்கேதான் பெரிய மாற்றம் வந்தது. எங்களுடையது த்ரீ ஃபேஸ் சர்வீஸ், ஆர், ஒய், பி என்று மூன்று ஃபேஸ், எந்த அறை எதில் இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. எலக்ட்ரீஷியன் வந்து டிபி பாக்ஸைத் திறந்து பார்த்த கையோடு, "கீழ முழுக்க ஆர், மாடி ஒய், ஏசி மட்டும் பி-ல இருக்கு தம்பி" என்றார். வெவ்வேறு ஃபேஸில் இருந்தாலும் அடாப்டரில் விளக்கு எரியும், இணைப்பு இருப்பதாகவே காட்டும். ஒரே பைப்பில் ஒட்டி ஓடும் ஒயர்களுக்கு நடுவே சிக்னல் கொஞ்சம் தாவிவிடும், அந்தத் தாவலில் வந்ததுதான் எங்கள் 29. விளக்கு எரிகிறதே என்று நம்பி அடாப்டரை மாற்றிக்கொண்டிருந்தால் காசுதான் போகும்.

கீழ்த்தளத்துக்கு ஃபேஸ் சேஞ்சர் இருக்கிறது, ஒரு ஃபேஸ் போனால் திருப்பிக்கொள்ளும் அந்தக் கைப்பிடி. "அண்ணே, இதை ஒய்-க்குத் திருப்பிப் பார்க்கலாமா?" என்று கேட்டு, ஐபெர்ஃப் ஓடிக்கொண்டிருக்க, அவர் திருப்பினார். அடாப்டர் ஒருமுறை அணைந்து எழுந்தது, அடுத்த வரியிலிருந்து 55, 58, 57. காரணம் இதுதான் என்று அதிலேயே உறுதியானது. ஆனால் அப்படியே விடக்கூடாது, ஃபிரிட்ஜ், கிரைண்டர், மாடி எல்லாம் ஒரே ஃபேஸில் ஏறிவிடும். அதனால் சேஞ்சரைப் பழையபடி வைத்துவிட்டு, மாடி அறையின் லைட்-பிளக் சர்க்யூட்டுக்கு வரும் எம்சிபியை (அந்த லைனின் ட்ரிப் சுவிட்ச்) மட்டும் ஒய்-இலிருந்து ஆர்-க்கு மாற்றிக் கொடுத்தார். அந்த அறையில் லோடு என்று பார்த்தால் லேப்டாப், ஃபேன், லைட்தான், ஏசிக்குத் தனி லைன். ஃபேஸுக்கு ஒரு ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் ட்ரிப் ஆகும் சுவிட்ச்) என்று தனித்தனியாக இருக்கும் வீட்டில் நியூட்ரலையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் உடனே ட்ரிப் ஆகும். இந்த வேலையைத் தெரிந்தவரிடம் மட்டும் விடுங்கள், இரண்டு ஃபேஸுக்கு நடுவே இருப்பது 400 வோல்ட்.

57-இல் நின்றபோது ஒன்று கவனித்தேன். ஐபெர்ஃபைத் திசை மாற்றி ஓட்டினால் மாடியிலிருந்து கீழே 75, கீழிருந்து மாடிக்கு 57. ஒயர் ஒன்றுதானே, ஏன் வித்தியாசம்? இரைச்சல் வாங்குகிற பக்கத்தைத்தான் அதிகம் கெடுக்கும். அனுப்பும் இடத்தில் சிக்னல் பலமாக இருக்கிறது, போய்ச் சேரும்போது மெலிந்துவிடுகிறது, அந்த முனையில் இரைச்சல் இருந்தால் அமுங்கிப்போகும். மாடி வாங்கும்போது குறைகிறது என்றால் இரைச்சல் மாடியில். அந்த அறையில் ஒவ்வொன்றாக அணைத்தேன். ஃபேன், மாற்றமில்லை. எல்இடி பல்பு, மாற்றமில்லை. அடாப்டருக்குப் பக்கத்துப் பாயிண்டில், மொபைல் இல்லாமல் சும்மா சொருகியிருந்த விலை மலிந்த சார்ஜரைப் பிடுங்கியதும் 57, 57, 72, 74. திரும்பச் சொருகினால் திரும்ப 57. உள்ளே சரியான ஃபில்டர் வைக்காத சார்ஜர் சும்மா இருக்கும்போதும் ஒயரில் இரைச்சலைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அதைத் தூக்கிவிட்டு வேறு சார்ஜர் வைத்தாகிவிட்டது. கீழே அம்மா மிக்ஸி போடும்போது மட்டும் சில வினாடி 40-க்கு இறங்கி ஏறுகிறது. மோட்டார் பிரஷ்ஷில் பறக்கும் பொறிதான் காரணம், அதை விட்டுவிட்டேன், வீடியோ கால் அறுபடவில்லை.

அப்புறம், இரண்டு அடாப்டரிலும் ஜோடி சேர்க்கும் 'Pair' பட்டனை அழுத்திப் புதுக் கீ (இரண்டுக்கும் பொதுவான ரகசியக் குறியீடு) போட்டுக்கொள்ளுங்கள். ஹோம்பிளக் என்ற தரத்தில் வரும் அடாப்டர்களில் கடையிலிருந்து வரும்போது எல்லாவற்றிலும் ஒரே நெட்வொர்க் பெயர்தான் இருக்கும். மீட்டர் சிக்னலைச் சுத்தமாக நிறுத்தாது, சுவரொட்டிய வீடு, அடுக்குமாடி என்றால் பக்கத்து வீட்டுக்காரரும் இதே வகை வைத்திருந்தால் இரண்டும் சேர்ந்துகொள்ள வாய்ப்பு உண்டு.

ஒரு குறை பாக்கி. இரண்டு அடாப்டரும் நேரடி ஈபி லைனில் இருப்பதால் கரண்ட் போனால் ரவுட்டர் இன்வெர்ட்டரில் ஓடுகிறது, ஹாலில் வைஃபை இருக்கிறது, மாடிக்கு மட்டும் நெட் இல்லை. அக்கா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே வர வேண்டியிருக்கிறது. மாடியில் லைட்டுக்கும் ஃபேனுக்கும் இன்வெர்ட்டர் லைன் வந்திருக்கிறது, அதிலிருந்து ஒரு பிளக் பாயிண்ட் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். அப்படிச் செய்தால் இரண்டு முனையும் இன்வெர்ட்டருக்கு அந்தப் பக்கம் ஒரே ஒயரில் வந்துவிடும், சிக்னல் இன்வெர்ட்டரைக் கடக்கவே வேண்டாம். பேட்டரியில் ஓடும்போது இன்வெர்ட்டரே எவ்வளவு இரைச்சல் போடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். பாயிண்ட் போட்டதும் கரண்ட் இருக்கும்போது ஒன்று, போனபோது ஒன்று என்று இரண்டு அளவையும் எடுத்து இதன் கீழேயே சேர்க்கிறேன்.