அச்சுக்கு ஒரு பதிவு, இணையத்துக்கு ஒரு பதிவு

எங்கள் நூலகப் பட்டியலில் பல ஆண்டுகளாக ஓர் ஆய்விதழுக்கு ஒரே பதிவுதான். பட்டியல் விவரங்களைக் கணினிக்காக எண்ணிட்ட புலங்களில் எழுதும் வடிவம் மார்க். அச்சிதழின் மார்க் பதிவில் 856 என்ற புலத்தைச் சேர்த்து, அதில் இணையப் பதிப்பின் லிங்க்கைப் போட்டுவிடுவோம். தேடுபவருக்கும் அது வசதி. அலமாரி எண்ணும் லிங்க்கும் ஒரே திரையில் இருக்கும்.

சந்தா மாறியபோதுதான் சிக்கல் தெரிந்தது. ஒரு பதிப்பகத்தின் மொத்தத் தொகுப்பை நிறுத்திவிட்டு, அதிலிருந்த சில இதழ்களை மட்டும் வேறு வழியாக வாங்க முடிவானது. எந்த லிங்க் எந்தத் தொகுப்பில் வந்தது என்று பதிவில் எங்கும் இல்லை. வழங்குநர் தரும் பட்டியலை அப்படியே ஏற்றிப் பழையதை மாற்றிவிடலாம் என்றால், அச்சுப் பதிவுகளில் எந்த ஆண்டு பைண்டிங் ஆனது, எந்த இதழ் வரவே இல்லை என்று கையால் எழுதிய குறிப்புகள் இருக்கின்றன. ஏற்றும்போது அவை அழிந்தால் திரும்பக் கிடைக்காது.

சரி, பிரித்துவிடலாம் என்று தீர்மானித்தோம். அச்சுப் பதிவு எங்கள் கையில், இணையப் பதிவு, வழங்குநர் பட்டியலைத் தானாக ஏற்றும் இயந்திரத்தின் கையில். மூத்த சக ஊழியர் ஒருவருக்கு இதில் உடன்பாடில்லை. “ஒரே பேர் ரெண்டு தடவை வந்தா படிக்க வர்றவங்க குழம்பிடுவாங்க” என்றார். அதில் நியாயம் இருந்ததால், அதே இதழின் இன்னொரு வடிவத்தைக் காட்டும் 776 புலத்தை இரண்டு பதிவிலும் போட்டு ஒன்றை மற்றொன்றோடு கோத்தோம். அச்சுப் பதிவைத் திறந்தாலே ‘இணையத்தில் படிக்க’ என்ற பொத்தான் தெரியும்படி திரையையும் மாற்றினோம். இதைச் செய்யாமல் பிரிப்பதற்குப் பழைய முறையே மேல்.

ஒரே இதழை மூன்று நிறுவனங்கள் தந்தால் மூன்று பதிவா என்ற கேள்வி எழவில்லை. இதழ்களைக் கூட்டாகப் பட்டியலிடும் நூலகங்களின் கான்சர் கூட்டமைப்பு அதை 2003லேயே தீர்த்துவிட்டது: யார் வழங்கினாலும் இணையப் பதிப்புக்கு ஒரே பதிவு, லிங்க்குகள் மட்டும் பல. ஒவ்வொரு லிங்க்கிலும் தொகுப்பின் குறியைச் சேர்த்தோம். இப்போது ஒரு தொகுப்பு போனால் அதன் லிங்க்குகள் மட்டும் போகும்.

அப்புறம் வழங்குநர் பட்டியலை எங்கள் பதிவுகளோடு பொருத்தும் வேலை. அச்சுக்கும் இணையத்துக்கும் ஐ.எஸ்.எஸ்.என். என்ற இதழ் அடையாள எண் தனித்தனி. நேச்சர் இதழின் அச்சு எண் 0028-0836, இணைய எண் 1476-4687. வழங்குநர்கள் கேபார்ட் என்ற பொது வடிவத்தில் தரும் பட்டியலில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி உண்டு. ஆனால் அச்சு எண்ணையே இரண்டு பத்தியிலும் நிரப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நடுவில் கோடில்லாமல் வந்தால் எக்செல் தன் பங்குக்கு முன்னால் இருக்கும் சுழியங்களைத் தின்றுவிடும். 00280836 என்பது 280836 ஆகிவிட்டால் எதோடும் பொருந்தாது. அந்தப் பத்தியை எழுத்தாக அமைத்துவிட்டுக் கோப்பைத் திறப்பது என்பது எங்கள் பிரிவில் எழுதப்படாத சட்டம்.

அதிக நேரத்தை விழுங்கியது பெயர் மாறிய இதழ்கள். 1950இல் ‘அமெரிக்கன் டாக்குமென்டேஷன்’ என்று தொடங்கிய தகவலியல் இதழ் 1970, 2001, 2014 ஆகிய ஆண்டுகளில் பெயர் மாறியது. அச்சில் நான்கு பெயருக்கும் நான்கு பதிவு. முந்தைய பெயரை 780 புலம், அடுத்ததை 785 புலம் காட்டும். வழங்குநர் பட்டியலிலோ இந்த மாதிரி இதழ்கள் பெரும்பாலும் கடைசிப் பெயரில், முதல் தொகுதியிலிருந்து என்று ஒரே வரியாக வந்து நிற்கும். 1965ஆம் ஆண்டுக் கட்டுரையின் மேற்கோளோடு வருகிறவர் அந்தக் காலத்துப் பெயரைத்தானே தேடுவார்? அவருக்கு அச்சுப் பதிவு மட்டும் கிடைக்கும். காசு கொடுத்து வாங்கிய இணையப் பிரதி இன்னொரு பெயருக்குக் கீழே இருக்கும். அதனால் அப்படிப்பட்ட ஒவ்வொரு வரியையும் பெயர் மாறிய ஆண்டில் வெட்டி, பெயருக்கு ஒரு வரி என்று பிரித்தோம். இயந்திரத்திடம் விட்ட வேலையில் கையால் செய்ய வேண்டியிருந்தது இதுதான். மறுமுறை பட்டியல் வரும்போது நாங்கள் வெட்டியது ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, அந்த இதழ்களுக்கு மட்டும் தனிக் கோப்பு வைத்திருக்கிறோம்.

புதிய இதழ்களை இணையத்தில் சில காலம் கழித்தே திறக்கும் தாமத அனுமதி சின்ன விஷயம்தான், ஆனால் புகார் அதிலிருந்துதான் அதிகம் வரும். பட்டியலில் பி1ஒய் என்று இருந்தால் நடப்பு ஆண்டு நீங்கலாக மற்றதெல்லாம் படிக்கலாம் என்று அர்த்தம். வாசகருக்கு அந்தக் குறியைக் காட்டி என்ன பயன்? ‘இந்த ஆண்டு இதழ்கள் அச்சில் மட்டும்’ என்று லிங்க்குக்குப் பக்கத்திலேயே எழுதிவிட்டோம்.

பாக்கி இருப்பவை சிறப்பு இணைப்பிதழ்கள். அச்சுத் தொகுதியில் இருப்பவை இணையத்தில் ஏறியிருக்கின்றனவா என்பதை எந்தப் பட்டியலும் சொல்வதில்லை. தொகுதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டு வருகிறோம். அது முடியும்வரை எந்த அச்சுத் தொகுதியையும் கழிப்பதில்லை.