கொழிஞ்சாம்பாறை டு பொன்னானி: இரண்டாவது முறை

போன வருஷம் இந்த ஓட்டத்தில் லக்கிடி தாண்டுவதற்குள் படுத்துவிட்டேன். அதிகாலை மூன்றரைக்குத் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் கிளம்பி, சித்தூர், பாலக்காடு வழியாக ஐம்பது கிலோமீட்டர் போல வந்திருப்பேன். காலில் வலி இல்லை, மூச்சும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வயிறு குமட்டியது, தலை கனத்தது, விரல்கள் வீங்கிக் கல்யாண மோதிரம் இறுகிப்போனது. வெயிலுக்குப் பயந்து வழியெல்லாம் வெறும் தண்ணீராகக் குடித்ததுதான் தப்பு. வியர்வையில் உப்பு போய்க்கொண்டே இருக்கும்போது தண்ணீரை மட்டும் ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். முற்றினால் உயிருக்கே ஆபத்தாம். இதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது.

எங்கள் எல்லையிலிருந்து கடலோரப் பொன்னானி வரை கேரளத்தைக் குறுக்கே ஓடிக் கடக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. என் கணக்கில் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். சூஃபியா கான் 2019இல் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை சுமார் 4,000 கிலோமீட்டரை 87 நாளில் ஓடினார். சராசரியாகத் தினம் ஒரு மாரத்தானுக்கும் மேல்! அதோடு பார்த்தால் என்னுடையது சந்தைக்குப் போய் வருவது மாதிரி.

இந்த முறை ஓட்டத்தைவிட, ஓடிக்கொண்டே சாப்பிடத்தான் அதிகம் பழகினேன். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர், நேந்திரம்பழம், கடலை மிட்டாய். தாகம் எடுத்தால் மட்டும் தண்ணீர். ஐந்து நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை. டிவிஎஸ் எக்ஸெல்லில் கேனோடு கூட வர மாமா ஒத்துக்கொண்டார்.

ஜனவரியில் மறுபடி கிளம்பினோம். சித்தூர் வரை இருட்டு. கள்ளு வண்டிகள் மட்டும் கடந்து போயின. நிறுத்துகிற இடத்திலெல்லாம் மாமா, "கையை நீட்டு மாப்ளே" என்று மோதிரத்தைத் திருகிப் பார்ப்பார். சுற்றினால்தான் அடுத்த டம்ளர் தண்ணீர். பத்திரிப்பாலா பக்கம் ஒரு பெட்டிக்கடையில் சம்பாரம் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "எந்தா மோனே, பஸ் கிட்டியில்லே?" என்றார். இரண்டு டம்ளர் மோர், நாக்கில் வைக்கக் கூடுதலாக ஒரு சிட்டிகை உப்பு. லக்கிடியைச் சிரித்துக்கொண்டே தாண்டினேன். ராத்திரி ஒற்றப்பாலத்தில் தங்கல்.

ஆனால் காற்றைக் கணக்கில் எடுக்க மறந்திருந்தேன். இந்த மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கேயிருந்து வீசும். மேற்கே ஓடுகிறவனுக்கு முதுகில் தள்ளிவிடும், லாபம்தானே என்று நினைத்தேன். காற்றும் நானும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போனதால் மேலே காற்றே படவில்லை. வியர்வை காயாமல் கால் வழியே இறங்கி ஷூவுக்குள் தேங்கியது. முதல் நாள் சாயங்காலமே சாக்ஸைப் பிழியலாம் போல இருந்தது. ஊறின தோலில் உரசல். மறுநாள் பட்டாம்பியில் ஷூவைக் கழற்றினால் வலது குதிகாலில் எலுமிச்சை அளவு கொப்புளம். வேஸலின் தடவி, துணி சுற்றி, நொண்டிக்கொண்டே குற்றிப்புறம் வரை போனேன். 1953இல் திறந்த அந்தப் பெரிய பாலத்தின் இந்தப் பக்கம் உட்கார்ந்தபோது கொப்புளம் உடைந்து சாக்ஸ் சிவந்திருந்தது. பாலத்தைத் தாண்டினால் பொன்னானிக்கு இருபது கிலோமீட்டர்கூட இருக்காது. கீழே பாரதப்புழை ஆறு முக்கால்வாசி மணலும் புல்லுமாகக் கிடந்தது.

மாமா வழக்கம்போல மோதிரத்தைத் திருகினார். லேசாகச் சுற்றியது.

"உப்பு சரியாப் போச்சு. அடுத்த தடவை பொன்னானியிலிருந்து கிளம்பு மாப்ளே, காத்து மூஞ்சியில அடிக்கட்டும்" என்றார்.

எதிர்க்காற்றில் 120 கிலோமீட்டர். இன்னொரு ஜோடி ஷூ, நாலு ஜோடி சாக்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன்.