பந்து விழாத இரவில் கிடைத்த கோப்பை

2024 அக்டோபர் 20 அன்று, நியூயார்க்கின் ப்ரூக்ளின் பகுதியிலுள்ள பார்க்லேஸ் அரங்கில், சப்ரினா அயனெஸ்கு 19 முறை கூடையை நோக்கிப் பந்தை எறிந்தார். 18 முறை தவறியது. பிரியானா ஸ்டூவர்ட் எறிந்த 15-இல் 4 மட்டுமே விழுந்தன. ஓர் அணியின் இரண்டு பெரிய நட்சத்திரங்களும் ஒரே இரவில் இப்படித் தடுமாறினால், அதுவும் இறுதித் தொடரின் ஐந்தாவதும் கடைசியுமான ஆட்டத்தில் தடுமாறினால், அந்த அணி தோற்பதுதான் வழக்கம். நியூயார்க் லிபர்ட்டி அணியோ அந்த இரவில்தான் தன்னுடைய 28-ஆவது பருவத்தில், அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீகான டபிள்யூ.என்.பி.ஏ.வில் தன் முதல் கோப்பையை வென்றது.

இந்தப் பருவத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அயனெஸ்கு மூன்றாவது ஆட்டத்தில் எறிந்த அந்த நெடுந்தூரப் பந்தைப் பற்றியோ, ஐந்தாவது ஆட்டத்தின் கடைசி நொடிகளில் ஊதப்பட்ட ஃபவுலைப் பற்றியோ எழுதுகிறார்கள். இரண்டும் பேசப்பட வேண்டியவையே. ஆனால் கோப்பையைக் கொண்டுவந்தவை அவை அல்ல என்பது என் கருத்து. பெஞ்சிலிருந்தும் இரண்டாம் வரிசையிலிருந்தும் எழுந்து வந்த இரண்டு ஜெர்மானியப் பெண்களும், பஹாமாஸ் தீவிலிருந்து வந்த ஓர் உயரமான பெண்ணும், எதிரணியைப் புள்ளி எடுக்கவிடாத பிடிவாதமும்தான் அதைக் கொண்டுவந்தன.

நான் இப்படிப் பார்ப்பதற்கு எங்கள் கரையும் ஒரு காரணமாக இருக்கலாம். மண்டபத்திலிருந்து தேவிபட்டினம் வரை நான் பார்த்த பள்ளிகளில், கூடைப்பந்துக் களம் என்று ஒன்று இருந்தால் அது திறந்தவெளிச் சிமெண்டுத் தளமாகவே இருக்கும். ஆடி மாதக் கச்சான் காற்றில் தளம் முழுக்க மணல் படியும். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் பந்தைக் காற்று தன் விருப்பப்படி நகர்த்திவிடும். அதனால் இங்கே ஆடக் கற்றுக்கொள்ளும் பெண்பிள்ளைகள் தூரத்திலிருந்து எறிவதை அவ்வளவாக நம்புவதில்லை; போர்டுக்கு அருகே சென்று லே-அப் போடுவது, தவறிய பந்தைப் பாய்ந்து பிடிப்பது, ஃபவுல் வாங்கி, யாரும் தடுக்காமல் எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ எடுப்பது ஆகியவற்றை நம்பியே ஆடுகிறார்கள். கூரையும் குளிர்சாதனமும் உள்ள ஓர் அரங்கில், உலகின் மிகச் சிறந்த வீராங்கனைகள் ஒருவரையொருவர் அப்படி ஆடும்படி நெருக்கியதுதான் அந்த ஐந்தாவது ஆட்டம்.

லிபர்ட்டியின் காத்திருப்பு எவ்வளவு நீண்டது என்பதைச் சொல்லாமல் அந்த இரவின் எடை விளங்காது. 1997-இல் எட்டு அணிகளோடு தொடங்கிய டபிள்யூ.என்.பி.ஏ.வில் லிபர்ட்டியும் ஒன்று. முதல் பருவத்திலேயே இறுதிக்கு வந்து ஹூஸ்டனிடம் தோற்றது. 1999-இல் மீண்டும் ஹூஸ்டன். அந்தத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில், ஹூஸ்டன் ரசிகர்கள் கோப்பையைக் கொண்டாடத் தொடங்கிய நொடியில், தெரசா வெதர்ஸ்பூன் ஏறத்தாழ மைதானத்தின் நடுவிலிருந்து எறிந்த பந்து கூடைக்குள் விழுந்து 68-67 என்று ஆட்டத்தை மாற்றியது. ஆனால் அடுத்த ஆட்டத்தில் ஹூஸ்டன் வென்று கோப்பையை எடுத்துச் சென்றது. 2000-இலும் ஹூஸ்டனிடம், 2002-இல் லாஸ் ஏஞ்சல்ஸிடம் எனத் தோல்விகள் தொடர்ந்தன. பிறகு அணியை நடத்தியவர்களுக்கே அதன்மேல் அக்கறை குறைந்தது. 2018-இல் மேடிசன் ஸ்கொயர் கார்டன் என்னும் புகழ்பெற்ற அரங்கிலிருந்து, நகரத்துக்கு வெளியே வைட் ப்ளெய்ன்ஸில் இருந்த ஒரு சிறிய அரங்குக்கு அணி அனுப்பப்பட்டது. 2019-இல் ஜோ சாய், கிளாரா வூ சாய் தம்பதியர் வாங்கிய பிறகுதான் ப்ரூக்ளினில் இடம் கிடைத்தது. 2020-இல், புதிய வீராங்கனைகளை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வு வரிசையில் முதல் ஆளாக அயனெஸ்குவை எடுத்தார்கள். அவர் மூன்றாவது ஆட்டத்திலேயே கணுக்காலில் அடிபட்டு விலக, அணி அந்தப் பருவத்தில் 22 ஆட்டங்களில் 2 மட்டுமே வென்றது.

புதிய உரிமையாளர்கள் பணத்தை இறக்கினார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை. 2021-இல் வீராங்கனைகளைத் தனி விமானத்தில் அழைத்துச் சென்றதற்காக லிபர்ட்டிக்கு லீக் 5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. மற்ற அணிகளுக்குக் கிடைக்காத வசதியை ஓர் அணி மட்டும் தரக் கூடாது என்பது விதி. அதே லீக் 2024-இல் எல்லா அணிகளுக்கும் தனி விமானம் ஏற்பாடு செய்தது என்பதை நினைத்தால், அபராதம் கட்டியவர்கள் தவறு செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. 2023-இன் தொடக்கத்தில் ஸ்டூவர்ட், ஜான்குவெல் ஜோன்ஸ், கோர்ட்னி வாண்டர்ஸ்லூட் மூவரும் வந்து சேர்ந்தார்கள். அந்த ஆண்டே இறுதிக்கு வந்தும், லாஸ் வேகாஸ் ஏசஸிடம் தோற்றார்கள். கடைசி ஆட்டம் சொந்த அரங்கில் 70-69. ஒரே ஒரு புள்ளி.

2024 பருவத்தின் வழக்கமான 40 ஆட்டங்களில் 32-ஐ வென்று லிபர்ட்டி முதலிடத்தில் இருந்தது. அதைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல அணி நன்றாக ஆடியது. இடையில் வந்த பாரிஸ் ஒலிம்பிக்தான் சுவையான சிக்கலை உண்டாக்கியது. அமெரிக்க அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர் ஷெரில் ரீவ். அவர் ஸ்டூவர்ட்டையும் அயனெஸ்குவையும் ஆடவைத்துத் தங்கம் வென்றார். லிபர்ட்டியின் பயிற்சியாளர் சாண்டி பிராண்டெல்லோ தம் தாய்நாடான ஆஸ்திரேலியாவுக்கு வெண்கலம் வாங்கிக் கொடுத்தார். அந்த ஆஸ்திரேலிய அணியில் அலன்னா ஸ்மித் இருந்தார். இரண்டு மாதம் கழித்து, இறுதித் தொடரில், மினசோட்டா லிங்ஸ் அணியின் பயிற்சியாளராக ரீவும், அதன் வீராங்கனையாக ஸ்மித்தும் பிராண்டெல்லோவுக்கு எதிரே நின்றார்கள். ஆகஸ்டில் யார் யாருக்காக வியர்வை சிந்தினார்கள் என்பதை அக்டோபரில் எவரும் நினைவில் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பிளே-ஆஃப் தொடங்கும்போது பிராண்டெல்லோ எடுத்த ஒரு முடிவை இந்தப் பருவத்தின் மையம் என்று நான் கருதுகிறேன். வாண்டர்ஸ்லூட் டபிள்யூ.என்.பி.ஏ. வரலாற்றில் அதிக அசிஸ்ட் (சக வீராங்கனை கூடையில் போட ஏதுவாகக் கொடுக்கும் பந்து) கொடுத்தவர்களில் இரண்டாம் இடத்தில் இருப்பவர். அவரைத் தொடக்க ஐவரிலிருந்து எடுத்து, லியோனி ஃபீபிக் என்ற ஜெர்மானியரை அந்த இடத்தில் நிறுத்தினார். ஃபீபிக் 2020-இலேயே தேர்வு செய்யப்பட்டிருந்தாலும், ஐரோப்பாவில் ஆடிவிட்டு 2024-இல்தான் இந்த லீக்குக்கு வந்தார். கணக்குப்படி அவர் புதுமுகம். ஆறடி நான்கு அங்குல உயரம், நீண்ட கைகள், அவசரமில்லாத ஆட்டம். வாண்டர்ஸ்லூட்டை விட அவரால் பெரிய ஆட்களைத் தடுக்க முடியும் என்பதே காரணம். அட்லாண்டாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் அவர் 21 புள்ளிகள் எடுத்தார். மூத்த வீராங்கனையை உட்காரவைப்பது எந்த ஊரிலும் எளிதான காரியமன்று. மாவட்டப் போட்டி அளவிலேயே அதற்கு வீட்டாரும் ஊராரும் சண்டைக்கு வருவதை நான் பார்த்திருக்கிறேன். வாண்டர்ஸ்லூட் முகம் கோணாமல் பெஞ்சிலிருந்து வந்து ஆடினார் என்பதற்கும் இந்தக் கோப்பையில் பங்குண்டு.

அரையிறுதியில் முந்தைய ஆண்டு தங்களைத் தோற்கடித்த ஏசஸை 3-1 என்று வென்று, கடைசி ஆட்டத்தில் அவர்களை 62 புள்ளிகளுக்குள் அடக்கி, லிபர்ட்டி இறுதிக்கு வந்தது.

இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தை ஆதரவாளர்கள் மறக்க விரும்புவார்கள். 18 புள்ளிகள் முன்னிலை, ஆட்டம் முடிய ஐந்து நிமிடத்துக்குச் சற்று அதிகம் இருக்கும்போது 15 புள்ளிகள் முன்னிலை, அத்தனையும் கரைந்தது. லிங்ஸின் கோர்ட்னி வில்லியம்ஸ் மூன்று புள்ளி எறிந்து அதோடு ஃபவுலும் வாங்கி நான்காவது புள்ளியையும் எடுத்துக்கொள்ள, ஸ்டூவர்ட் கடைசி நொடியில் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோக்களில் ஒன்றைத் தவறவிட, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் 95-93 என்று லிங்ஸ் வென்றது. பல அணிகள் அங்கேயே உடைந்திருக்கும். இரண்டாவது ஆட்டத்தை லிபர்ட்டி 80-66 என்று வென்றது. மினியாபொலிஸில் நடந்த மூன்றாவது ஆட்டத்தில் ஸ்டூவர்ட் 30 புள்ளிகள் எடுத்துப் பழிதீர்த்துக்கொண்டார். சமநிலையில் நின்ற அந்த ஆட்டத்தை, ஒரு நொடி மீதமிருக்க, 28 அடி தூரத்திலிருந்து அயனெஸ்கு எறிந்த பந்து 80-77 என்று முடித்துவைத்தது. நான்காவதில் பிரிட்ஜெட் கார்ல்டன் இரண்டு ஃப்ரீ த்ரோக்களைப் போட்டு 82-80 என்று லிங்ஸைக் காப்பாற்றினார்.

ஐந்தாவது ஆட்டம் அங்கே இரவு எட்டு மணி, இங்கே மறுநாள் காலை ஐந்தரை. பள்ளி அணியில் ஆடும் அக்கா மகள் என் பக்கத்தில் இருந்தாள். முதல் பாதியில் லிங்ஸ் 12 புள்ளிகள் வரை முன்னே போனது. அயனெஸ்குவின் பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தவறிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: “சித்தி, இவங்க ரெண்டு பேரும் போடலேன்னா வேற யாருமே போட மாட்டாங்களா?” போட்டார்கள். பெஞ்சிலிருந்து வந்த இன்னொரு ஜெர்மானியரான நியாரா சாபலி 13 புள்ளிகளும் 7 ரீபவுண்டுகளும் (தவறித் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். 2022-இல் தேர்வாகி, முழங்கால் காயத்தால் முதல் பருவத்தில் ஒரு ஆட்டம்கூட ஆட முடியாமல் போனவர் அவர். ஃபீபிக்கும் 13 எடுத்தார். ஜோன்ஸ் 17. எறிந்த பந்துகள் விழாத ஸ்டூவர்ட் 15 ரீபவுண்டுகளைப் பிடித்தார். அயனெஸ்கு 8 அசிஸ்டுகள் கொடுத்தார். எறிதல் வாய்க்காத நாளில் ஒரு வீராங்கனை களத்தில் என்ன செய்யலாம் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் அந்த இருவரின் அன்றைய ஆட்டத்தைக் காட்டலாம்.

இப்போது அந்த ஃபவுல். லிங்ஸ் 60-58 என்று முன்னிலையில் இருக்க, 5.2 நொடிகள் மீதமிருந்தன. கூடையை நோக்கிச் சென்ற ஸ்டூவர்ட்டை அலன்னா ஸ்மித் தடுத்ததில் நடுவர் ஃபவுல் ஊதினார். ரீவ் மேல்முறையீடு செய்தார். மறுகாட்சியைப் பார்த்த பிறகும் முடிவு மாறவில்லை. ஸ்டூவர்ட் இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் போட, 60-60 என்று ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. அன்று லிபர்ட்டிக்கு 25 ஃப்ரீ த்ரோக்கள், லிங்ஸுக்கு 8 மட்டுமே. கோப்பை தங்களிடமிருந்து திருடப்பட்டது என்று ரீவ் பின்னர் கொதித்ததில் வியப்பில்லை. நான் நடுவராக இருந்திருந்தால் அந்த நேரத்தில் அவ்வளவு மெல்லிய உரசலுக்கு ஊதியிருக்க மாட்டேன். அதே சமயம், கூடுதல் ஐந்து நிமிடங்களில் லிங்ஸ் எடுத்தது 2 புள்ளிகள் மட்டுமே என்பதையும் சொல்ல வேண்டும். ஃபீபிக் மூன்று புள்ளியோடு தொடங்கினார். சாபலி பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி லே-அப் போட்டார். அதன் பிறகு லிங்ஸால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. அதுவரை 22 புள்ளிகள் எடுத்திருந்த நஃபீசா காலியருக்குக்கூட வழி கிடைக்கவில்லை. 67-62.

இறுதித் தொடரின் சிறந்த வீராங்கனை விருது ஜோன்ஸுக்குக் கிடைத்தது. கிராண்ட் பஹாமா தீவின் ஃப்ரீபோர்ட்டில் பிறந்து, பதினான்கு வயதில் கூடைப்பந்துக்காக அமெரிக்காவுக்குத் தனியே வந்தவர். 2021-இல் லீகின் மிகச் சிறந்த வீராங்கனையாகத் தேர்வானவர். 2019, 2022, 2023 என மூன்று இறுதித் தொடர்களில் தோற்றவர். நான்காவதில் வென்றார். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் உயரமான பெண்பிள்ளைகள் இல்லாமல் இல்லை. பதினான்கு வயதில் அவர்களை வெளியூர் விடுதிக்கு அனுப்பத் துணியும் வீடுகள்தான் குறைவு. அனுப்பினாலும் நம் நாட்டில் அந்தப் பாதை ரயில்வே வேலையிலோ காவல்துறை வேலையிலோ போய் முடிகிறது. சென்னையின் அனிதா பால்துரை பல ஆண்டுகள் இந்தியாவுக்கு ஆடி, அணித் தலைவராகவும் இருந்து, 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய பெயரை எங்கள் பக்கப் பிள்ளைகள் பலர் கேள்விப்பட்டதே இல்லை. அமெரிக்க ஆண்கள் கூடைப்பந்து நட்சத்திரம் ஸ்டெஃப் கரியைத் தெரியும்.

வென்ற அந்த அணி மறுபடி முழுமையாக ஒன்றாக ஆடவில்லை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே கைலா தார்ன்டனைப் புதிய அணியான கோல்டன் ஸ்டேட் வால்கிரீஸ் எடுத்துக்கொண்டது. வாண்டர்ஸ்லூட் சிகாகோவுக்குத் திரும்பினார். பெட்னைஜா லேனி-ஹாமில்டன் முழங்கால் காயத்தால் 2025 முழுவதும் ஆடவில்லை. 2025-இல் இறுதித் தொடர் ஏழு ஆட்டங்களாக நீட்டப்பட்டது. லிபர்ட்டி இறுதித் தொடர் வரை வரவேயில்லை, முதல் சுற்றிலேயே ஃபீனிக்ஸிடம் தோற்றது. அதையடுத்து பிராண்டெல்லோவின் ஒப்பந்தத்தை நிர்வாகம் நீட்டிக்கவில்லை. முதல் கோப்பையை வாங்கிக் கொடுத்தவரை, அதுவும் ஃபீபிக்கைக் களத்தில் இறக்கும் துணிவு இருந்தவரை, காயங்களால் குலைந்த ஒரு பருவத்துக்காக அனுப்பியது அவசரமான முடிவு என்றே நான் நினைக்கிறேன்.