கார் ஆயிலை நாமே மாற்றும்போது: கூடுதல்தான் வில்லங்கம்

இன்ஜின் ஆயில் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. ஒரு ரிங் ஸ்பேனர், ஃபில்டர், வாஷர், ஒரு கேன் ஆயில், ஒரு மணி நேரம் போதும். ஆனால் சொதப்புகிற இடங்கள் எல்லாம் ஒரே ஜாதி: ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் நட்டை அளவுக்கு மேல் முறுக்குவது, ஃபில்டரை அளவுக்கு மேல் இறுக்குவது, ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றுவது, தேவைக்கு மேல் கனமான ஆயில் போடுவது. குறைவாகச் செய்த தப்பைத் திருத்திவிடலாம். கூடுதலாகச் செய்தது பெரும்பாலும் செலவு வைக்கும்.

மாற்றுவதைப் பேசுவதற்கு முன்னால் அளவு பார்ப்பதைப் பேச வேண்டும். மாற்றுவது வருடத்துக்கு ஒரு தடவை வேலை. அளவு பார்ப்பது ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை செய்ய வேண்டிய வேலை, அதைத்தான் யாரும் செய்வதில்லை. டேஷ்போர்டில் ஆயில் விளக்கு இருக்கிறதே என்பார்கள். பெரும்பாலான கார்களில் அந்த விளக்கு அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. அடியில் இருக்கும் ஆயில் சேம்பர் வற்றி, பம்ப் காற்றை உறிஞ்ச ஆரம்பித்த பிறகுதான் அது எரியும். ஓடும்போது எரிந்தால் அடுத்த பங்க் வரைக்கும் ஓட்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஓரம் கட்டி உடனே அணைத்துவிட வேண்டியதுதான்.

அளவு பார்க்கச் சமதளம் வேண்டும். வாசல் சாய்தளத்தில் பாதி ஏறி நிற்கும் காரில் எடுத்த அளவு செல்லாது. ஐந்து பத்து நிமிடம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்கி, அணைத்து, ஐந்து நிமிடமாவது விடுங்கள், மேலே இருக்கும் ஆயில் கீழே வடிய நேரம் வேண்டும். டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பார்க்கும் குச்சியை, உருவி, துடைத்து, அடி வரைக்கும் அழுத்திச் செருகி, மறுபடி உருவிப் பாருங்கள். முதல் தடவை உருவியதை நம்பக்கூடாது, ஓட்டத்தில் ஆயில் தெறித்துக் குச்சி முழுக்க ஒட்டியிருக்கும். துடைக்கப் பனியன் வேஸ்ட் வேண்டாம், அதன் நூல் குழாய்க்குள் போய்விடும். நூல் விடாத துணியோ டிஷ்யூவோ போதும்.

இரண்டாவது தடவை உருவும்போது குச்சியைப் படுக்கை வாட்டில் பிடித்து, இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் கோடு நேராக நிற்கும், மறுபக்கம் வால் மாதிரி மேலே இழுத்திருக்கும். குழாயின் உட்சுவரில் இருந்த ஆயில் ஒட்டியதுதான் அந்த வால். எந்தப் பக்கம் தாழ்வாக இருக்கிறதோ அதுதான் உண்மையான அளவு. கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் நடுவில் நின்றால் நிம்மதி. சின்ன பெட்ரோல் இன்ஜின்களில் இந்த இரண்டு குறிகளுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். அதனால் கீழ்க்குறியைத் தொட்டுக்கொண்டு நிற்கிற காருக்கு ஒரு கேன் தேவையில்லை. 200 மில்லி ஊற்றி, சில நிமிடம் காத்திருந்து, மறுபடி பார்த்து ஊற்றினால் போதும்.

நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். டீசல் இன்ஜினில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே மை மாதிரி கறுத்துவிடும். கரியைத் தன்னிடம் பிடித்து வைப்பது ஆயிலின் வேலைகளில் ஒன்று. கவலைப்பட வேண்டியது பால் கலந்த காபி மாதிரி வெளுத்த ஆயிலுக்கு. டிப்ஸ்டிக்கிலேயே அப்படி இருந்தால் கூலண்ட்டோ வெளித் தண்ணீரோ உள்ளே போயிருக்கிறது. நிரப்பும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால், தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிற காரின் ஈரப்பதமாக இருக்கலாம். ஒரு நெடும்பயணத்தில் காய்ந்துவிடும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்களுக்குச் சொன்ன அறிவுரைதான் இன்றைக்கும்: தண்ணீரில் நின்ற காரைச் சாவி போட்டுப் பார்க்காதீர்கள். முதலில் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அளவு ஏறியிருந்தாலோ வெளுத்திருந்தாலோ டோ பண்ணித்தான் கொண்டுபோக வேண்டும்.

ஆயில் அளவு தானாக ஏறுவது இன்னொரு இடத்திலும் நடக்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகை விதி) டீசல் கார்களில் புகையிலிருக்கும் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி உண்டு. அதில் சேரும் கரியை எரிக்கப் பல இன்ஜின்கள் சிலிண்டருக்குள் கூடுதல் டீசலைத் தெளிக்கும். நகருக்குள்ளேயே சுற்றி, எரிப்பு பாதியில் நின்று நின்று போனால், அந்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக் மேல்குறியைத் தாண்டி, முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால், கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

இனி எந்த ஆயில் என்பது. “நம்ம ஊர் வெயிலுக்குக் கனமா போடுங்க சார்” என்று 20டபிள்யூ-40 கேனை நீட்டுகிற கடைக்காரர் இன்னும் இருக்கிறார். பழைய இன்ஜின்களுக்கு அது பொருந்திய பேச்சு. இன்றைய இன்ஜினில் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் உள்வெப்பத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. வெளியே 28 டிகிரியோ 40 டிகிரியோ, உள்ளே ஆயில் சந்திக்கிற சூடு ஏறக்குறைய ஒன்றுதான். கேனில் இருக்கும் எண்ணின் கடைசிப் பகுதி 100 டிகிரி செல்சியஸில் ஆயிலின் கனத்தைக் குறிக்கிறது. 20 என்றால் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸ் (கனத்தை அளக்கும் அலகு), 30 என்றால் 9.3 முதல் 12.5. இன்ஜினின் பேரிங் இடைவெளி இந்தக் கனத்தைக் கணக்கில் வைத்துத்தான் செய்யப்படுகிறது. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி அமைப்பு உள்ள இன்ஜின் ஆயில் அழுத்தத்தைக் கொண்டே கேம் ஷாஃப்ட்டைத் திருப்புகிறது. அங்கே கனமான ஆயில் குறுகலான வழிகளில் திணறும். கையேடு 0டபிள்யூ-20 என்றால் அதுதான், 5டபிள்யூ-30 என்றால் அதுதான். பெட்ரோல் காருக்குக் கேனின் தர முத்திரையில் ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய அமைப்பு) எஸ்பி என்று இருக்கிறதா பாருங்கள், 2020 மே மாதம் வந்த தரம் அது, முந்தைய எஸ்என் கேட்கும் கார்களுக்கும் போடலாம். மிச்சமான கார் ஆயிலை பைக்கில் ஊற்றிவிடாதீர்கள். பைக்கின் கிளட்ச் ஆயிலில் மூழ்கி இருப்பது, மெல்லிய கார் ஆயிலில் இருக்கும் வழுக்கு மருந்து அதை வழுக்க வைக்கும். பைக் ஆயிலில் ஜாசோ எம்ஏ என்ற ஜப்பானியத் தர முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

ஃபில்டரை நல்ல கடையில் வாங்குங்கள். மலிவு ஃபில்டரில் ஆயில் பின்வாங்காமல் பிடிக்கும் ரப்பர் வால்வு சரியிருக்காது. ராத்திரி முழுக்க ஃபில்டர் காலியாகி, காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி கடகடவென்று சத்தம் வரும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரி இடங்களில் கார் மாடலோடு இன்ஜின் வகையையும் வருடத்தையும் சொல்லிக் கேளுங்கள், அதோடு டிரெயின் வாஷரையும் சேர்த்து. வாஷரைக் கேட்காவிட்டால் தரமாட்டார்கள்.

அடுத்தது, காரின் அடியில் போவது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு இல்லை. முன்சக்கரத்தை ரேம்ப்பில் ஏற்றுங்கள், அல்லது ஜாக்கியால் தூக்கி இரண்டு ஸ்டாண்டு மேல் இறக்குங்கள். தரை கெட்டியான சிமெண்டாக இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, பின்சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். வீட்டு வேலையில் மிச்சமான ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுக்கும் வழக்கம் உயிரை எடுக்கும். அது விரிசல் விட்டு எச்சரிக்காது, ஒரே அடியாக நொறுங்கும். இறுக்கமான நட்டைத் தம் கட்டி இழுப்பதற்கு முன்னால் காரை ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள்.

இன்ஜின் வெதுவெதுப்பாக இருந்தால் ஆயில் நன்றாக வடியும். கொதிக்கக் கூடாது. நிரப்பும் மூடியை மேலே திறந்துவிட்டு, கீழே அகலமான டப் வையுங்கள். நைட்ரைல் கையுறை போடுங்கள், பழைய ஆயிலில் சேரும் சில பொருட்கள் தோலில் அடிக்கடி பட்டால் புற்றுநோய்க்கு வழி வைப்பவை. கியர்பாக்ஸ் டிரெயின் நட்டும் பக்கத்திலேயே இருக்கும், குழம்பிவிட்டால் கியர் ஆயில் கொட்டிவிடும், ஆகவே எது இன்ஜின் சேம்பர் என்று உறுதி செய்த பிறகே ஸ்பேனர் வையுங்கள். நட்டின் தலைக்கு ஆறுமுக ரிங்கோ சாக்கெட்டோ போடுங்கள், ஓபன் ஸ்பேனர் வேண்டாம், முனை மழுங்கிவிடும். தளர்ந்த பிறகு விரலால் உள்நோக்கி அழுத்தியபடியே சுற்றி, கடைசி மரையில் சட்டென்று எடுத்துவிடுங்கள். ஆயில் முதலில் ஒரு சாண் தள்ளிப் பாயும், வேகம் குறையக் குறைய நேர் கீழே வரும். டப்பைக் கூடவே நகர்த்த வேண்டும். சொட்டுச் சொட்டாகும் வரைக்கும் பத்து, பதினைந்து நிமிடம் விடுங்கள். வந்த நட்டின் முனையில் நைசான சாம்பல் பசை இருந்தால் சகஜம். சிம்பு சிம்பாக உலோகம் மின்னினால் புது ஆயில் ஊற்றி மறைக்கிற விஷயம் இல்லை, மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பழைய வாஷரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது வாஷர். நட்டைக் கையால் சுற்றி மரை பிடித்த பிறகுதான் ஸ்பேனர். இங்கேதான் அலுமினிய சேம்பர்கள் பலியாகின்றன. “நல்லா டைட் வெச்சுட்டேன்ணே, கழலாது” என்பது பெருமைக்குரிய பேச்சு இல்லை. மாருதியின் கே சீரிஸ் பெட்ரோல் இன்ஜின்களுக்கு 35 நியூட்டன் மீட்டர். 25 செ.மீ. கைப்பிடியின் நுனியில் 14 கிலோ அளவுக்கு இழுத்தால் அந்தக் கணக்கு வந்துவிடும். ஒரு கையால் தோளை அசைக்காமல் இழுக்கிற இழுப்பு அது. கசிவை நிறுத்துவது நசுங்குகிற வாஷர், உங்கள் பலம் இல்லை. மரை போய்விட்டால் ஹெலிகாயில் (புது மரையாகச் செருகும் கம்பிச் சுருள்) போட வேண்டும், இல்லையென்றால் சேம்பரையே மாற்ற வேண்டும்.

ஃபில்டர் கையால் வராவிட்டால் தொப்பி மாதிரி கவிழ்க்கும் ஃபில்டர் ஸ்பேனரோ பெல்ட் ஸ்பேனரோ. ஸ்க்ரூடிரைவரைக் குத்தித் திருகும் வைத்தியத்தில் தகடு கிழிந்து, பிடிக்க ஒன்றும் இல்லாமல் போவதும் உண்டு. கழன்றதும் அதன் விளிம்பைப் பாருங்கள்: ரப்பர் கேஸ்கெட் அதோடு வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் இன்ஜினில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் புதுசு ஏறினால் இரண்டு ரப்பர் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்ததும் அல்லது ஹைவேயில் பிதுங்கி, நிமிடத்தில் மொத்த ஆயிலும் ரோட்டில் இருக்கும். இன்ஜினில் ஃபில்டர் உட்காரும் முகத்தைத் துடைத்து விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள். புது ரப்பரில் புது ஆயிலைத் தடவி, கையால் சுற்றி, ரப்பர் முகத்தைத் தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று. ஃபில்டரின் மேலேயே எத்தனை சுற்று என்று அச்சிட்டிருக்கும். இறுக்க ஸ்பேனர் வேண்டாம். பேப்பர் ஃபில்டர் உள்ள டீசல்களில், உதாரணமாகப் பழைய 1.3 மல்டிஜெட் ஸ்விஃப்ட்டில், கூடோடு இருக்கும் ஓ-ரிங் ரப்பர் வளையத்தையும் மாற்ற வேண்டும்.

ஊற்றும்போது கேனின் அளவை நம்பாதீர்கள். கடையில் கிடைப்பது 3 லிட்டர், 3.5 லிட்டர் கேன்கள். ஃபில்டரோடு 3.1 லிட்டர் கொள்கிற ஸ்விஃப்ட் 1.2 பெட்ரோல் இன்ஜினில் 3.5 லிட்டர் கேனைக் கவிழ்த்தால் 400 மில்லி கூடுதல். பணம் கொடுத்த ஆயிலை மிச்சம் வைக்க மனசு வராமல் நடக்கிற தப்பு இது, சில ஒர்க்‌ஷாப்பிலும் நடக்கும். கூடினால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரை பேரிங்கைக் காப்பாற்றாது. மிச்சம் ஆவிக் குழாய் வழியாக, இன்ஜின் காற்றை இழுக்கும் இன்டேக்குக்குப் போய் நீலப்புகையாக வரும், சீல்களும் கசிய ஆரம்பிக்கும். அதனால் கையேட்டு அளவில் அரை லிட்டர் குறைத்து ஊற்றி நிறுத்துங்கள். மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள், ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீர்கள். காலி ஃபில்டர் நிரம்பும் வரை சில நொடி விளக்கு எரியும், பிறகு அணையும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஒரு நிமிடம் ஐடிலில் ஓடட்டும், டார்ச் அடித்து நட்டிலும் ஃபில்டரிலும் கசிவு பாருங்கள். பிறகு காரை ரேம்ப்பிலிருந்து இறக்கி, சமதளத்தில் ஐந்து நிமிடம் விட்டு, நூறு இருநூறு மில்லியாகச் சேர்த்து மேல்குறிக்குக் கொஞ்சம் கீழே நிறுத்துங்கள். முன்பக்கம் தூக்கியிருக்கும்போது எடுத்த அளவு பொய். ஊற்றிய உடனே எடுத்த அளவும் அப்படித்தான். சர்வீஸ் நினைவூட்டல் இருந்தால் ரீசெட் செய்து, கிலோமீட்டரை எழுதி வையுங்கள். மாருதி பெட்ரோலில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது. தூசியும் டிராஃபிக்கும் குட்டிப் பயணமுமாக ஓடும் காருக்கு 5,000 நல்லது. வாரண்டி காலத்தில் இருக்கும் காருக்கு வாரண்டி புத்தகத்தைப் படித்துவிட்டு இறங்குங்கள், பெரும்பாலும் அங்கீகாரம் பெற்ற ஒர்க்‌ஷாப்பின் முத்திரையைக் கேட்பார்கள். இன்ஜின் ஃபிளஷ், ஆயிலில் கலக்கும் மந்திர பாட்டில் இரண்டும் இந்தக் கணக்கில் வரவே வேண்டாம்.

பழைய ஆயில் அபாயக் கழிவு, 2016 விதிகளில் அப்படித்தான் வருகிறது. சாக்கடையில் ஊற்றக் கூடாது. கரையான் வராமல் வேலிக்காலுக்குத் தடவுவதும், சென்ட்ரிங் பலகைக்குப் பூசுவதும் ஊரில் சகஜம், ஆனால் அது மழையோடு மண்ணுக்கும் கிணற்றுக்கும்தான் போகிறது. மூடி இறுக்கிய கேனில் அடைத்து, டிரம் வைத்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்புகிற ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். ஃபில்டரைக் கவிழ்த்து ஒரு ராத்திரி வடியவிட்டு அதையும் சேர்த்துக் கொடுக்கலாம். வடித்த ஆயிலை அளந்துவிட்டுக் கொடுங்கள்: ஊற்றியது 3.1 லிட்டராக இருந்து, நடுவில் எதுவும் சேர்க்காமல் வந்தது இரண்டரை என்றால் கார் ஆயில் குடிக்கிறது, அடுத்த முறை டிப்ஸ்டிக்கை இன்னும் அடிக்கடி உருவ வேண்டும். புது ஆயில் வந்த காலி கேனை மட்டும் அப்படியே பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். லேபிளைக் கிழித்து, அடியில் கத்தியால் ஒரு கீறல் போட்டுவிடுங்கள். நல்ல கேனுக்கும் மூடிக்கும் காசு கொடுத்து வாங்கிப் போலி ஆயில் நிரப்புகிற ஆட்கள் இருக்கிறார்கள்.