வேண்டாத பனிக்கட்டி

கிளாத்ரேட் ஹைட்ரேட்டுகளோடு நான்கு ஆண்டுகள் குப்பை கொட்டினேன். உறவினர்களிடம் "எரியும் பனிக்கட்டி" என்று சொன்னால்தான் என் வேலை என்னவென்று ஓரளவுக்காவது புரியும். கடலடியில் குளிரும் அழுத்தமும் சேர்ந்து மீத்தேனைத் தண்ணீர்க் கூண்டுகளுக்குள் அடைத்து வைக்கின்றன. ஒரு கன மீட்டர் ஹைட்ரேட் உருகினால் சுமார் 160 கன மீட்டர் வாயு வெளிவரும். 2006இல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடும் கப்பல் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையிலிருந்து ஹைட்ரேட்டை எடுத்த கதையைப் படித்துத்தான் இந்தத் துறைக்கே வந்தேன். வந்த பிறகு என் கையில் கொடுத்தது மீத்தேனை அல்ல. டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பானையும் ஒரு குடுவைத் தண்ணீரையும்.

ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தக் கரைப்பானுக்கு ஓர் அருமையான குணம் உண்டு: உயர் அழுத்தம் கேட்காது. எடையில் 19 சதவீதம் கரைப்பான், மீதி தண்ணீர் என்று கலந்து, சாதாரணக் காற்றழுத்தத்திலேயே 4.4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்வித்தால் ஹைட்ரேட் உறையும். 136 தண்ணீர் மூலக்கூறுகள் சேர்ந்த கனசதுர அலகில் 16 சிறிய கூண்டுகள், 8 பெரிய கூண்டுகள். பெரியவற்றில் ஆளுக்கொரு விருந்தாளி, அதாவது ஒரு கரைப்பான் மூலக்கூறு; சிறியவை காலி. வெப்பம் ஏற ஏற இந்த வீடு எவ்வளவு பெருக்கிறது என்று எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவால் அளப்பதே என் வேலை. படிகத்தில் பட்ட கதிர் எந்தக் கோணங்களில் கூர்முனைகளாக எழுகிறது என்று வரைபடத்தில் பார்த்து உள்ளிருக்கும் இடைவெளியைக் கணக்கிடுவோம்; கோணம் சிறிதானால் இடைவெளி பெரிது.

விருந்தாளிக்கும் வீட்டுக்கும் இடையே வலுவான பிணைப்பு எதுவும் கிடையாது. ஆனாலும் உள்ளே அது சும்மா இருப்பதில்லை. புரள்கிறது, சுவரில் முட்டுகிறது. நெருங்கும்போது சுவர் கடுமையாக எதிர்க்கிறது, விலகும்போது மெல்லவே இழுக்கிறது. இந்தச் சமமின்மையால், சூடேறி ஆட்டம் கூடும்போது கூண்டு வெளிப்புறமாகத் தள்ளப்படுகிறது. ஹைட்ரேட்டுகள், குறிப்பாகக் குறைந்த வெப்பநிலைகளில், சாதாரணப் பனிக்கட்டியைவிட அதிகமாக விரிவதற்கு இதுவே முக்கியக் காரணம். வெப்பத்தைச் சுமந்து செல்லும் அதிர்வுகளையும் இதே ஆட்டம் குலைத்துவிடுகிறது. வெப்பங்கடத்துவதில் ஹைட்ரேட் பனிக்கட்டியில் ஏறக்குறைய கால் பங்குதான் தேறும். கண்ணாடி போல நடந்துகொள்ளும் படிகம். நடைமுறையில் எனக்கு இது எப்படித் தெரிந்தது என்றால், ஒவ்வொரு வெப்பநிலையிலும் மாதிரி நிலைகொள்ள அரை மணி நேரம் காத்திருந்துதான். அந்தக் காத்திருப்பில் நான் குடித்த தேநீருக்குக் கணக்கே இல்லை.

சென்னையில் இந்தச் சோதனையைச் செய்வது தனிச் சோதனை. திரவ நைட்ரஜனில் குளிர்ந்த கல்வத்தில் மாதிரியைப் பொடிக்கும்போதே, காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் வெண்ணிறப் பனியாகப் படிந்துவிடும். வரைபடத்தில் 23 முதல் 26 டிகிரிக்குள் மூன்று கூர்முனைகள் எழும். அவை ஹைட்ரேட்டுடையவை அல்ல, பனிக்கட்டியுடையவை. அவற்றை ஒழிக்கவே இரண்டு மாதம் போராடினேன். கையுறைப் பெட்டி, உலர்ந்த நைட்ரஜன், ஏசியைக் கடைசிவரை திருப்பி வைப்பது எல்லாம் பார்த்தாயிற்று. ஒருவழியாக முனைகள் மறைந்த நாளில் தொழில்நுட்ப உதவியாளர் அண்ணனுக்கு வடை வாங்கிக் கொடுத்தேன்.

அந்தச் சுத்தமான மாதிரிதான் என்னைக் கவிழ்த்தது. 100 கெல்வினிலிருந்து 250 கெல்வின் வரை கனசதுர அலகின் 17 ஆங்ஸ்ட்ராம் பக்கம் ஏறத்தாழ பத்தில் ஒரு ஆங்ஸ்ட்ராம் வளர வேண்டும் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). எனக்குக் கிடைத்தது அதைவிடக் கணிசமாகக் குறைவு. சிறிய கூண்டுகள் காலியாக இருப்பதால்தான் இப்படி என்று ஒரு விளக்கத்தையும் எழுதி, அதன் அழகில் நானே மயங்கியிருந்தேன். எங்கள் மேடம் படித்துவிட்டு ஒன்றே கேட்டார்: "பனிக்கட்டி எவ்வளவு விரிந்தது?"

"பனிக்கட்டியே இல்லை மேடம், எடுத்துவிட்டேன்."

"ஏன் எடுத்தாய்?"

பதில் இல்லை. பழைய அழுக்கு மாதிரிகளின் கோப்புகளைத் தேடினேன். பனிக்கட்டியின் விரிவு 10 முதல் 265 கெல்வின் வரை அளக்கப்பட்டு 1994இலேயே அச்சில் இருக்கிறது. என் கோப்புகளில் இருந்த பனிக்கட்டியோ அந்த எண்களுக்கு எட்டவே இல்லை. ஹைட்ரேட்டைப் பற்றி நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, அளவீடே பிசகு. குளிரும்போது மாதிரியைத் தாங்கும் செம்புத் தண்டு சுருங்கி, பொடியின் மேற்பரப்பு மயிரிழை அளவு கீழே இறங்கியிருக்கிறது. அதனால் குளிரில் முனைகள் எல்லாம் சிறிய கோணங்களுக்கு நகர்ந்து, அலகு உண்மையைவிடப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. குளிரிலேயே பெரிதாகத் தெரிந்தால் வளர்ச்சி குறைவாகத்தானே தெரியும்.

பனிக்கட்டி முனைகளை அளவுகோலாக வைத்துத் திருத்திய பிறகு ஹைட்ரேட்டின் விரிவு இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தது. என் விளக்கம் குப்பைக்கூடைக்குப் போனது. எழுதிய நடைக்காக இன்றும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அதன்பின், மிஞ்சுவது பனிக்கட்டியாக உறையட்டும் என்று, கலவையில் தண்ணீரைச் சற்றுக் கூடுதலாகவே ஊற்றினேன். பிறகு சேர்ந்த மாணவர்கள் யாராவது சரியான விகிதத்துக்கு மாற்றிவிடப் போகிறார்களே என்ற பயத்தில் குடுவையின் மேல் சிவப்பு மையில் ஒரு சீட்டு ஒட்டினேன்: "தண்ணீர் அதிகம். வேண்டுமென்றே."