புள்ளி வைத்த எழுத்து தனியாக நிற்பதில்லை

நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன், சில ஆண்டுகளுக்கு முன், ‘கப்பல்’ என்ற சொல்லை என் எதிரில் அமர்ந்து வாசித்தான். ‘க… இப்… ப… இல்…’ என்று நான்கு எழுத்துகளையும் ஒன்று விடாமல், விரல் வைத்து, பிழையின்றிச் சொன்னான். என்ன சொல் என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தான். மீண்டும் புத்தகத்தைப் பார்த்தான். “தெரியல டீச்சர்” என்றான். அவனுக்குக் கப்பல் தெரியும். காகிதத்தில் செய்து வாய்க்காலில் விடுகிறவன் அவன். எழுத்தும் தெரியும், பொருளும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஏதோ ஒன்றை நாங்கள் அவனுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

வாசிப்பதற்கென்று தனி ஆசிரியர் பணியிடம் எதுவும் எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இல்லை. காவிரிப் படுகையில் உள்ள இந்தச் சிறிய பள்ளியில், தலைமையாசிரியரின் ஒப்புதலோடு, மூன்று முதல் ஐந்து வகுப்பு வரை வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளை நாள்தோறும் ஒரு மணி நேரம் நான் தனியே அழைத்து உட்காரவைக்கிறேன். 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், தொடக்க வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதப்பட்ட பிள்ளைகள், ஒன்றாம் வகுப்பறையைக் கண்ணால் பாராமலேயே இரண்டாம் வகுப்பு மாணவர்களாக உள்ளே வந்து அமர்ந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய மணி நேரம் இது. அவர்கள் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகும் தொடர்கிறது, ஏனெனில் தடுமாற்றம் பெருந்தொற்றோடு வந்ததுமில்லை, அதோடு போனதுமில்லை.

கப்பலுக்குத் திரும்புகிறேன். மெய்யெழுத்துகளை நாம் ‘இக், இங், இச்’ என்று சொல்லிக்கொடுக்கிறோம். மெய்யைத் தனியே ஒலிப்பது கடினம் என்பதால் முன்னால் ஓர் இகரத்தைத் துணைக்கு வைத்துக்கொள்வது பழைய வழக்கம். பெயராக அது நல்ல பெயர்தான். ஆனால் எழுத்தின் பெயர் வேறு, சொல்லுக்குள் அந்த எழுத்து தரும் ஒலி வேறு. அரை மாத்திரை மட்டுமே ஒலிக்க வேண்டிய ‘ப்’ என்னும் மெய்க்கு முன்னால் முழு இகரம் ஒன்றைக் குழந்தை நம்பிக்கையோடு ஒலிக்கிறது. சொல்லில் இல்லாத இரண்டு இகரங்கள் புகுந்துவிட்ட பிறகு, அந்த ஒலிகளை எத்தனை வேகமாகச் சொன்னாலும் கப்பல் என்ற சொல் காதில் விழாது. ‘இன்னும் வேகமாகச் சொல்லு’ என்று பிள்ளைகளை விரட்டிய ஆண்டுகள் எனக்கு உண்டு. அதை இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

தீர்வு எனக்குச் செய்யுள் இலக்கணமான யாப்பிலிருந்து கிடைத்தது. செய்யுளை அசை என்னும் ஒலித்துண்டுகளாகப் பிரிக்கும்போது ஒற்று, அதாவது புள்ளி வைத்த மெய், ஒருபோதும் தனியாக நிற்பதில்லை. தனக்கு முன்னுள்ள எழுத்தோடு சேர்ந்து ஓரசையாகிவிடும். கப்பல் என்பது கப்-பல். யாப்பின் சொல்லில் நேர் நேர், தேமா. கல்லூரியில் தேர்வுக்காகப் படித்த இந்த விதி தமிழ் வாயின் இயல்பையே சொல்கிறது என்பதை இந்தப் பிள்ளைகளோடு அமர்ந்தபோதுதான் உணர்ந்தேன். இப்போது சிறுவர்களிடம், புள்ளி வைத்த எழுத்து தனியாக நிற்காது, தனக்கு முன்னால் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்கிறேன். பென்சிலால் ஒவ்வொரு மெய்யையும் அதன் முன்னெழுத்தோடு ஒரு வளைவால் இணைக்கச் சொல்கிறேன். கப்-பல், பட்-டம், தங்-கம், வண்-டி. முதல் வாரத்திலேயே எல்லாருக்கும் வந்துவிடுவதில்லை. ஆனால் வரும்போது சட்டென்று வருகிறது. அந்தச் சிறுவன் ‘கப்… பல்…’ என்று சொல்லி ஒரு கணம் நின்று, “கப்பலா டீச்சர்?” என்று கேட்ட குரல் எனக்கு இன்னும் கேட்கிறது.

நீண்ட சொற்களுக்கும் இதே வழிதான். ‘எடுத்துக்கொண்டிருந்தார்கள்’ என்பதில் 14 எழுத்துகள் உள்ளன. எழுத்தெழுத்தாகக் கூட்டுகிற குழந்தை பத்தாவது எழுத்துக்கு வருவதற்குள் முதல் மூன்றை மறந்துவிடும். அதன் நினைவாற்றலில் குறை எதுவும் இல்லை, யாராக இருந்தாலும் மறப்போம். மெய்களை முன்னெழுத்தோடு இணைத்தால் எட்டுத் துண்டுகள். எடுத்து, கொண்டு, இருந்தார்கள் என்று பொருளுள்ள துண்டுகளாக்கினால் மூன்று. நம் மொழியில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீளும் என்பதால், நான்காம் வகுப்புக்கு மேல் வாசிப்பு என்பது பெரும்பாலும் இந்தப் பிரித்துச் சேர்க்கும் வேலைதான். அதைப் பாடப்புத்தகத்தின் பின்பக்கத்தில் ‘பிரித்து எழுதுக’ என்ற இலக்கணப் பயிற்சியாக ஒதுக்கிவிட்டு, வாசிக்கும் நேரத்தில் பயன்படுத்தாமல் விடுவது பெரிய இழப்பு என்று நான் கருதுகிறேன்.

அடுத்த தடை கொம்பு. ‘தே’ என்ற எழுத்தில் கண்ணுக்கு முதலில் படுவது இரட்டைக்கொம்பு. காதுக்கு முதலில் வருவது தகரத்தின் ஒலி. இடமிருந்து வலமாக வாசி என்று நாமே சொல்லிவிட்டு, இந்த இடத்தில் மட்டும் முன்னால் இருப்பதைப் பின்னால் ஒலி என்கிறோம். ‘தேன்’ என்பதைத் ‘தன்’ என்று வாசிக்கிற பிள்ளை கவனமில்லாத பிள்ளை அன்று. கொம்பை என்ன செய்வதென்று தெரியாமல் அதைத் தாண்டிப் போகும் பிள்ளை. ‘கொடி’யைக் ‘கெரடி’ என்று வாசித்த சிறுமி ஒருத்தியை உடன் இருந்த பிள்ளைகள் கேலி செய்தார்கள். அவள் வாசித்ததை நான் கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். கொம்பையும் ககரத்தையும் சேர்த்துக் ‘கெ’ என்று சரியாகத்தான் ஒலித்திருக்கிறாள். அதன் பின் நின்ற துணைக்காலை ரகரமாகக் கண்டிருக்கிறாள். அவள் கண்ணுக்கு அது ரகரம்தான். கால் போடப்பட்ட எழுத்துகளையும் ரகரம் வரும் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘காடு’, ‘கரடு’ என்று பத்து இணைகள் வாசித்த பின் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

247 எழுத்துகள் என்று சொல்லிப் பிள்ளைகளை மலைக்கவைக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. 12 உயிரும் 18 மெய்யும் அகர வரிசையும் சில குறிகளும் தெரிந்தால் பெரும்பகுதி தானாக அமைகிறது. ணா, றா, னா, லை, ளை போன்ற எழுத்துகளின் தனி வடிவங்கள் 1978இல் அரசாணையால் சீரமைக்கப்பட்டது பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. நான் படித்த காலத்தில் என் அம்மா எழுதிய கடிதங்களின் பழைய ‘லை’யை வாசிக்க நானே தயங்கியிருக்கிறேன். சீராகாமல் எஞ்சியவை உகர, ஊகார வரிசைகள். கு, சு, டு, து, மு என ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைகின்றன. இரண்டு வரிசையிலும் சேர்த்து 36 வடிவங்கள். இவற்றுக்கு விதி சொல்லிப் பயனில்லை. பலமுறை கண்டு பழகுவதற்கு நேரம் தருவதுதான் வழி. இந்த வரிசைகளில் தடுமாறும் குழந்தைக்கு இரண்டு மாதம் கூடுதலாகத் தேவைப்பட்டால் அதில் அஞ்ச ஒன்றுமில்லை.

எழுத்தைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், பல ஆண்டுகள் நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தது வேறொன்று. ‘அம்மா சந்தைக்குச் சென்றார்’ என்று புத்தகத்தில் இருக்கும். பிள்ளை, ‘அம்மா சந்தைக்குப் போனாங்க’ என்று வாசிக்கும். முன்பெல்லாம் இதைக் கேட்ட மாத்திரத்தில் நிறுத்தித் திருத்துவேன். இன்று அதைக் கேட்டால் எனக்கு நிம்மதி ஏற்படுகிறது. அந்தக் குழந்தை வரியின் பொருளைப் பிடித்துவிட்டது. பிடித்த பொருளைத் தன் வீட்டு மொழியில் வெளியிடுகிறது. கவலைக்குரியது இதற்கு நேர்மாறான வாசிப்பு: ஒரு பக்கம் முழுவதையும் தடையின்றி வாசித்துவிட்டு, சந்தைக்குப் போனது யார் என்று கேட்டால் விழிக்கிற பிள்ளை. அதைவிடவும் கவலைக்குரியது, கண் சன்னலுக்கு வெளியே இருக்கப் பாடம் முழுவதையும் மனப்பாடமாய் ஒப்பிக்கிற பிள்ளை. அப்படிப்பட்ட ஒரு சிறுமி மூன்றாம் வகுப்பு முடியும்வரை நன்றாக வாசிப்பவள் என்றே என் பதிவேட்டில் இருந்தாள். ஒரு நாள் பாடத்தின் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாசிக்கச் சொன்னபோது உண்மை தெரிந்தது. அவள் அழுதாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். மூன்றாண்டுகள் அவள் வாசிப்பதைக் கேட்டதாக நினைத்துக்கொண்டு நான் கேட்காமலேயே இருந்திருக்கிறேன்.

பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இந்தத் தொலைவைக் கடக்க எனக்கு உதவியவன், வாத்து மேய்க்கும் குடும்பத்துச் சிறுவன். அறுவடை முடிந்த வயல்களில் வாத்துகளை மேய்த்தபடி ஊர் ஊராய் நகரும் குடும்பம் என்பதால் அவனுக்கு ஆண்டில் பல வாரங்கள் பள்ளி கிடையாது. புத்தகத்தில் அவனுக்குப் பிடித்தமான எதுவும் இல்லை. வாத்துகளைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஓயாமல் பேசுவான். ஒரு நாள் அவன் சொன்ன ஒரு வரியை அவன் சொன்னபடியே பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன்: ‘விடியறதுக்கு முன்னாடி வாத்து முட்ட போட்டுடும்.’ அவன் அதை வாசித்தான். தான் சொன்னது தாளில் இருக்கிறது என்ற வியப்பில் நான்கு முறை வாசித்தான். மறுநாள் இன்னும் மூன்று வரிகள் சொன்னான். ஒரு மாதத்தில் பன்னிரண்டு பக்கச் சிற்றேடு ஒன்று உருவாயிற்று.

உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் இதை ஏற்கவில்லை. பேச்சு வழக்கை எழுதிக் காட்டினால் பிழையான தமிழ் கையில் படிந்துவிடும் என்றார். அவருடைய அக்கறை உண்மையானது, அதை நான் மதிக்கிறேன். ஆகவே, முதல் வாரம் அவன் சொன்னபடி எழுதுவது என்றும், இரண்டாம் வாரம் அதே வரியின் கீழ் ‘விடிவதற்கு முன் வாத்து முட்டை இட்டுவிடும்’ என்று எழுத்து வழக்கில் எழுதுவது என்றும் வைத்துக்கொண்டோம். இரண்டு வரிகளுக்கும் என்ன வேறுபாடு என்று அவனே கண்டுபிடித்துச் சொன்னான். எழுத்துத் தமிழ் தன் தமிழின் மேல் போர்த்தப்பட்ட அயல் மொழி அன்று, தன் தமிழே சற்று நிமிர்ந்து நிற்கும் கோலம் என்று அவன் உணர்ந்தான் என நம்புகிறேன். ஆசிரியரும் பிறகு தம் வகுப்பில் இதைச் செய்துபார்த்தார்.

2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கும் முறை வகுப்பறைக்குள் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே பக்கத்தில் இருப்பதாக நடிக்க வேண்டியதில்லை என்பது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. ஆனால் ‘மெல்லக் கற்போர்’ என்ற சொல் மட்டும் ஆசிரியர் அறையை விட்டு இன்னும் போகவில்லை. அந்தச் சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. ‘தேன்’ என்பதைத் ‘தன்’ என்று வாசிப்பவரும், ஆண்டில் பல வாரம் வாத்தோடு நடப்பவரும், கண்ணாடி தேவைப்பட்டும் வாங்கித்தர யாருமில்லாதவரும் அந்த ஒரே சொல்லுக்குள் அடைக்கப்படுகிறார்கள். அதற்குப் பிறகு யாருக்கு என்ன தேவை என்று பார்ப்பது நின்றுவிடுகிறது.

உண்மையிலேயே வேறு வகை உதவி தேவைப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வாசிப்பு, எழுத்து போன்றவற்றில் மட்டும் தடையாக வரும் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்பதை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அறிவுக் கூர்மைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இவ்வாண்டு என்னிடம் வரும் மூன்றாம் வகுப்புச் சிறுமி கதை சொல்வதில் எல்லாரையும் மிஞ்சுகிறாள். ஆனால் ஏழு மாதங்களுக்குப் பிறகும், நேற்று வாசித்த சொல் இன்று அவளுக்குப் புதிதாக இருக்கிறது. அசை, கொம்பு, இணைச்சொற்கள் என்று எனக்குத் தெரிந்த வழிகள் எல்லாம் அவளிடம் ஓரளவோடு நின்றுவிட்டன. அவளுடைய அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். பெண்ணை வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியரிடம் காட்டலாம் என்று சொன்னபோது, “எம் பொண்ணுக்குக் கொற இருக்குன்னு எழுதிடுவாங்களா டீச்சர்?” என்று கேட்டார். அவளுக்கு எப்படிக் கற்றுக்கொடுத்தால் எளிதாக வரும் என்று நாம் தெரிந்துகொள்ளத்தான் போகிறோம், நானும் கூட வருகிறேன் என்றேன். வெகுநேரம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

வரும் வியாழக்கிழமை காலை எட்டு மணிப் பேருந்தில் மூவரும் போகிறோம். போகும் வழியில் அவள் சொல்லும் கதையை நான் எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று சிறுமி கேட்டிருக்கிறாள். அதற்காக ஒரு புதிய நோட்டும், பெரிய எழுத்தில் எழுத ஒரு தடித்த பேனாவும் வாங்கி வைத்திருக்கிறேன்.